பீர்க்கன்கரணையில் இ. ராயிசா

சனிக்கிழமை, காலை 5.50. கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ ஐந்நூற்று அறுபது கிலோமீட்டர் ஓடிவந்த ரயில் தாம்பரத்தில் என்னை இறக்கிவிட்டது. இறக்கிவிட்டது என்பது மரியாதைக்குச் சொல்வது. பின்னால் நின்ற கூட்டம் தள்ளியது, நான் பிளாட்பாரத்தில் நின்றேன், அவ்வளவுதான். தோளில் ஒரு துணிப்பை, கையில் நாலு கிலோ கடலைமிட்டாய். சென்னையில் கிடைக்காததா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கிடைக்கும். ஆனால் எங்கள் ஊர் மிட்டாயை எங்கள் ஊரில் வாங்கினால்தான் அது எங்கள் ஊர் மிட்டாய் என்பது என் கட்சி.

நான் பல் டாக்டர். சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட வெளியூர் போகச் சோம்பல்படுகிறவள். அப்பேர்ப்பட்டவள் இரண்டு நாள் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்தது ஒரு நாடகம் பார்க்க. ருஷ்ய மொழியிலிருந்து நான் தமிழில் பெயர்த்த குழந்தைகள் நாடகம். அன்று மாலை ஐந்து மணிக்குப் பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் ஒரு காலனியின் நலச்சங்கக் கூடத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள் அதை நடிக்கப் போகிறார்கள். அதை எழுதியவருக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் அவர் நாடகம் மேடையேறுவது இதுதான் முதல் தடவை. பெருமை தாங்காமல் ரயிலில் எதிர் சீட்டுக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர்கள் பாவம், தூங்கிப் பார்த்தார்கள், நான் விடவில்லை.

6.10. நடைமேம்பாலத்தின் கீழே பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ. தாம்பரத்தில் அந்த நேரத்துக்கே யாரும் நடப்பதில்லை, எல்லாரும் ஓடுகிறார்கள். எங்கே நின்றாலும் யாருக்காவது வழியை மறிக்கிறோம். பெருங்களத்தூருக்குப் புறநகர் ரயிலில் ஐந்து ரூபாய் டிக்கெட். அடுத்த ஸ்டேஷன்தான், மூன்று கிலோமீட்டர் இருக்கும்.

பெண்கள் பெட்டியில் என் பக்கத்தில் ஒரு அம்மா. கூடுவாஞ்சேரியில் ஒரு கேன்டீனில் சமையல் வேலைக்குப் போகிறாராம். மடியில் இருந்த மிட்டாய்ப் பையைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, வூட்ல விசேஷமா?" என்று கேட்டார்.

"நாடகம்மா. ராயிசான்னு ஒருத்தங்க எழுதினது."

"ரயீசாவா? பாய் வூட்டுப் பொண்ணா?"

"இல்லம்மா, ருஷ்யாக்காரங்க."

"அய்ய, அவ்ளோ தூரத்துல இருந்துகினு இங்க வந்து நாடகம் போடுதா அது!" என்று அவர் வியந்து முடிப்பதற்குள் பெருங்களத்தூர் வந்துவிட்டது. ஐந்து நிமிட ரயிலில் தொண்ணூறு வருஷ வாழ்க்கையைச் சொல்லிவிட முடியுமா? அந்த அம்மாவிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

ராயிசா பெரெலேஸ்கினா வோல்கா நதிக்கரையில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா பெயர் இக்னாத். நாடகக் கொட்டகையில் காட்சித் திரை வரைகிற வேலை. ராயிசாவுக்கு நாலு வயது இருக்கும்போது ஒரு விடியற்காலையில் அரசாங்க ஆட்கள் வந்து இக்னாத்தை அழைத்துப் போனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. அந்தக் காலத்தில் அங்கே எத்தனையோ வீடுகளில் நடந்த சங்கதி இது. அப்படிக் கொண்டுபோகப்பட்டவரின் பிள்ளை என்று தெரிந்தால் பள்ளிக்கூடத்திலும் தொல்லை, வேலையிலும் தொல்லை. தாயார் பயந்துபோய் மகளின் குடும்பப் பெயரை மாற்றித் தன் பிறந்த வீட்டுப் பெயரைப் போட்டார். அதுதான் இந்தப் பெரெலேஸ்கினா. பிறகு அந்தத் தாயார் செம்யோன் என்பவரை மணந்துகொண்டார். அதோடு தகப்பன் பெயர் எழுதுகிற கட்டத்திலும் செம்யோன் ஏறிவிட்டார்.

இதில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ருஷ்யாவில் பெரியவர்களை அம்மா, அக்கா, சார் என்று கூப்பிட மாட்டார்கள். பெயரோடு தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் அங்கே மரியாதை. செம்யோன் மகள் என்றால் செம்யோனவ்னா, இக்னாத் மகள் என்றால் இக்னாத்யெவ்னா. நான் அங்கே பல் மருத்துவம் படித்த காலத்தில் விடுதி வார்டன் என்னையே செண்பகா கந்தசாமியெவ்னா என்றுதான் கூப்பிடுவார். என் அப்பா கந்தசாமி கேட்டிருந்தால் வேட்டி அவிழச் சிரித்திருப்பார். ஆக, ராயிசாவை ஊரில் யார் மரியாதையாகக் கூப்பிட்டாலும் "ராயிசா செம்யோனவ்னா" என்றுதான் கூப்பிட்டார்கள். செம்யோன் நல்ல மனிதர்தான், அதை ராயிசாவே எழுதியிருக்கிறார். இருந்தாலும் எழுபது, எண்பது வருஷமாக ஒவ்வொரு வணக்கத்திலும் சொந்த அப்பா விடுபட்டுப்போனார்.

யுத்தக் காலத்துப் பட்டினியில் வளர்ந்து, பொம்மலாட்டக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிற வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே எழுதத் தொடங்கியவர். புத்தாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளுக்காக வருஷா வருஷம் நாடகம். அவற்றில் யாரும் தண்டிக்கப்படுவதில்லை, ஓநாய்கூட கடைசியில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும். எந்த நாடகத்திலும் ஒரு குழந்தையைப் பார்த்து "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று யாரும் கேட்பதில்லை. இதை நான் கவனித்தது, எழுபத்தைந்து வயதுக்கு மேல் அவர் எழுதிய நினைவுக் குறிப்புகளைப் படித்த பிறகுதான். அதில்தான் முதல்முறையாக அப்பாவைப் பற்றி எழுதினார்.

எங்கள் பழக்கம் பல்லில் ஆரம்பித்தது. மொழி பழக வேண்டும் என்று எங்கள் ஆசிரியை எங்களைக் குழந்தைகள் நாடகத்துக்கு அனுப்புவார். அங்கே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்மணியை, மூன்றாம் வருஷ மாணவியின் திமிரோடு, வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். அவர்தான் நாடக ஆசிரியர் என்று மறுநாள்தான் தெரிந்தது. அன்று முதல் கடிதம், இப்போது வாட்ஸ்அப்.

நாடகத்துக்கு அனுமதி கேட்டபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கரடியை என்ன வேண்டுமானாலும் செய்துகொள், என் பெயரில் மட்டும் கை வைக்காதே, ராயிசா பெரெலேஸ்கினா என்பதில் ஓர் எழுத்து மாறினாலும் நாடகம் கிடையாது என்றார். என் பெயரை மற்றவர்கள் மாற்றியது போதும் என்றார். மேடையேறும் நாளன்று காலை 11 மணிக்குள் பேனரைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், ஒவ்வோர் எழுத்தாக நான் படித்துச் சொல்ல வேண்டும். வெறும் மிரட்டல் இல்லை இது. பெயரைத் தப்பாக அச்சடித்த ஒரு நகரத்து நாடகக் குழுவிடமிருந்து, ஒத்திகை எல்லாம் முடிந்த பிறகு, நாடகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்ட மனுஷி.

சரி, பெருங்களத்தூருக்கு வருவோம். 6.45. ஸ்டேஷன் வாசலில் கலைச்செல்வி ஸ்கூட்டரோடு நின்றாள். வாரத்தில் ஐந்து நாள் சிறுசேரியில் சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலை. மீதி இரண்டு நாள் காலனிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கிறாள். என் மொழிபெயர்ப்புப் பிரதி இரண்டையும், நாடகத்தையும் நினைவுக் குறிப்புகளையும், வரி விடாமல் படித்தவள். நாடகத்தின் பெயர் 'கரடி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது'. மூலத்தில் பனிக்காலம். ஒரு கரடி வீட்டுக்குள் வந்து அடுப்பின் மேல் ஏறித் தூங்கிவிடும். அதன் மனசு நோகாமல் பிள்ளைகள் அதை எழுப்ப வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்னால் கலைச்செல்வி போன் செய்து, "டாக்டர், அடுப்பு மேல படுத்தா கரடி வெந்துடாதா?" என்று கேட்டாள். அங்கே அடுப்பு செங்கல்லால் கட்டிய பெரிய சமாசாரம், மேலே மெத்தை போட்டுத் தூங்குவார்கள் என்று விளக்கினேன். அவள் யோசித்தாள். கடைசியில் பனி மழையாகிவிட்டது, கரடி வண்டலூர் மிருகக்காட்சி சாலையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையோடு நனைந்துகொண்டே வந்து சமையலறைப் பரணில் பழைய சூட்கேசுகளுக்கு நடுவில் ஏறிப் படுத்துக்கொண்டது.

7.05. காலனி வாசல். ஏரிப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று, நீர்க்காகங்கள், நடைப்பயிற்சி போகிறவர்கள். கூடத்தின் கேட்டில் எட்டுக்கு நாலு அடியில் பளபளவென்று பேனர். பரணில் கரடி, கீழே குடை பிடித்த பிள்ளைகள். அதன் கீழே, கொட்டை எழுத்தில்:

எழுதியவர்: இ. ராயிசா

"கலை, பெரெலேஸ்கினா எங்கே?"

அவள் அப்போதுதான் பேனரை ஒழுங்காகப் பார்த்தாள். "ஐயோ!" என்று தலையில் கை வைத்தாள். "டாக்டர், ஸாரி, ரியலி ஸாரி. நீங்க அனுப்பின மெசேஜை அப்படியேதான் கடைக்கு ஃபார்வர்ட் பண்ணேன். நைட்டு வாட்ச்மேன்தான் வாங்கிக் கட்டினார், நான் செக் பண்ணவே இல்ல."

வேலையே சோதனை போடுவது, அவளே சோதித்துப் பார்க்கவில்லை! நறுக்கென்று நாலு வார்த்தை சொன்னேன். அவள் கண் கலங்கியதும் எனக்கே கஷ்டமாகப் போய்விட்டது. உள்ளே பரண் செட்டில் பிள்ளைகள் ஆணி அடித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. இரண்டு மாத ஒத்திகை. பெயரால் கெட்டது என்று இவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

9.30. மேற்குத் தாம்பரம். பேனர் கடை திறக்கிற நேரத்துக்குக் கலைச்செல்வியும் நானும் போய் இறங்கினோம். ஷேர் ஆட்டோவில் ஆளுக்குப் பதினைந்து ரூபாய், இடித்துக்கொண்டு ஏழு பேர். சண்முகம் சாலைக் காய்கறிக் கடைகளைத் தாண்டி ஒரு சந்தில் ஃபிளெக்ஸ் கடை. சுவர் முழுக்க பழைய பேனர்கள்: காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா. முதலாளி பாஸ்கர், நாற்பது வயது இருக்கும். நான் நுழைந்த வேகத்தைப் பார்த்து, "இன்னா மேடம், காலைலயே டென்சனா கீறீங்க?" என்றார்.

"எழுதினவங்க பேரைப் பாதி வெட்டிட்டீங்களே, எப்படி?"

"வெட்னேன் மேடம். கடைசில பெரெ... பெரெலே... இன்னாமோ இருந்துச்சு. அது சாதிப்பேரா இருக்கும்னு எட்த்துட்டேன். நம்ம கடைல சாதிப்பேரு போட்றதில்ல. எங்கப்பா காலத்துலேருந்து இந்தக் கடைல அதான் சட்டம். பெரிய பெரிய ஆளுங்க வந்து கேட்டாங்க, போடல. இந்தம்மாவுக்கு மட்டும் எப்டி போடுவேன்?"

ருஷ்யக் குடும்பப் பெயரைச் சாதிப் பெயர் என்று நினைத்து வெட்டுகிற ஒரு தப்பு உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது நடக்குமா? கோபத்துக்கு நடுவிலே, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு வந்தது.

"அந்த இ?"

"அது இனிஷியல். இனிஷியல் இல்லாம பேரு போட்டா நாளிக்கு எல்லாரும் வந்து கத்துவாங்க. மெசேஜ்ல இல்ல, அதான் இவங்களுக்கு போன் பண்ணி, அந்தம்மாவோட அப்பா பேரு இன்னான்னு கேட்டேன்."

கலைச்செல்வி மெதுவாகச் சொன்னாள். "நான் ஒரு ஆபீஸ் கால்ல இருந்தேன் டாக்டர். எதுக்குக் கேக்கறார்னு யோசிக்கல. இக்னாத்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். புக்ல படிச்சிருந்தேன் இல்ல?"

"பேனரை உடனே மாத்தி அடிச்சுக் குடுங்க" என்றேன்.

"பேஜாராப் போச்சு மேடம். இன்னிக்கு இந்த ஏரியால மெயின்டனன்ஸ், ஒம்போது மணிக்கே கரண்ட்டு புட்ங்கிட்டான். அஞ்சு மணிக்குத்தான் வரும். நான் இன்னா பண்ண?" இருட்டில் கிடந்த எந்திரத்தைக் கை காட்டினார். நாடகமும் ஐந்து மணிக்குத்தான். தாம்பரம் முழுக்க மெஷின் இருக்கிற வேறு கடைகளுக்கு அவரே போன் போட்டார். அன்று முகூர்த்த நாள். யாரிடமும் மெஷின் காலியில்லை.

10.40. கலைச்செல்வி என் கையைத் தொட்டாள். "டாக்டர், தப்பா நெனைக்காதீங்க. அவங்களுக்குத் தமிழ் தெரியாது. போட்டோ அனுப்பிட்டு, கரெக்டாதான் இருக்குன்னு சொல்லிட்டா...? பசங்களுக்காகச் சொல்றேன்."

நான் உத்தமி வேஷம் போடப் போவதில்லை. ஒரு நிமிஷம், நல்ல நீளமான ஒரு நிமிஷம், அப்படியே செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உண்மை ஒன்று இருக்க, காகிதத்தில் வேறொன்றை எழுதி ஒரு மனுஷியின் வாழ்க்கை முழுவதையும் ஓட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையைத் தமிழில் எழுதியவளே நான்தான். அந்தக் கையாலேயே அவருக்கு ஒரு பொய்யை அனுப்புவதா? மாட்டேன் என்றேன்.

எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற பாஸ்கர் கேட்டார். "உங்க கிளினிக் போர்டுல இன்னா மேடம் போட்டுக்கீது?"

"க. செண்பகம்."

"அந்த க யாரு?"

"எங்கப்பா. கந்தசாமி."

"அப்ப அந்தம்மாக்கு மட்டும் அப்பா வோணாமா?"

மொழிபெயர்த்தேன், தட்டச்சு செய்தேன், பிழை திருத்தினேன், அந்த அப்பாவுக்காக அழக்கூட அழுதேன். இந்தக் கேள்வி ஒரு தடவையும் எனக்குத் தோன்றியதில்லையே என்று வெட்கமாக இருந்தது.

10.55. அங்கே காலை 8.25. படத்தை அனுப்பிவிட்டு, கடைப் படியில் உட்கார்ந்து அழைத்தேன். அவருக்குக் கண் மங்கல், லென்ஸ் வைத்துத்தான் பார்ப்பார்.

"எழுத்துகள் குறைவாக இருக்கின்றனவே" என்றார், வணக்கம்கூடச் சொல்லாமல். எண்ணியிருக்கிறார்!

"ராயிசா செம்யோனவ்னா, ஒரு தப்பு நடந்துவிட்டது" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாதி என்றால் என்ன?" என்று கேட்டார்.

"யார் வீட்டில் பிறந்தாய் என்பதை வைத்து ஒருவரை மேலே, ஒருவரைக் கீழே வைப்பது."

"அதை மறைக்கத்தான் பெயரை எடுத்துவிடுகிறீர்களா?"

"மறைக்க இல்லை. யாரும் அதைக் கேட்கக் கூடாது என்பதற்காக."

மேஜையில் லென்ஸ் உரசுகிற சத்தம் கேட்டது. "முன்னால் நிற்கிற அந்த ஓர் எழுத்து?"

"அது உங்கள் அப்பா. இக்னாத். எங்கள் ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்து இல்லாமல் பெயர் எழுத மாட்டோம்."

"யார் போடச் சொன்னது? நீயா?"

"இல்லை. பேனர் கடைக்காரர்."

"அவருக்கு என் அப்பாவைத் தெரியுமா?"

"தெரியாது. உங்களுக்கும் ஓர் அப்பா இருந்திருப்பார் என்று மட்டும் தெரியும்."

பிறகு, அந்த எழுத்து எவ்வளவு பெரிது என்று கேட்டார். உங்கள் பெயர் எவ்வளவு பெரிதோ அவ்வளவே என்றேன். அவர் மெதுவாகப் பேசத் தொடங்கினார். நினைவுக் குறிப்புகள் வெளிவந்த பிறகு தன் ஊர் நாடக அரங்கின் மேலாளரிடம், இனிச் சுவரொட்டியில் என் அப்பா பெயரையும் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்டாராம். இவ்வளவு வருஷம் பழகிய பெயர், மாற்றினால் ஜனங்களுக்குத் தெரியாது, இடமும் இல்லை என்று அந்த ஆள் சொல்லிவிட்டாராம். இரண்டாவது தடவை கேட்கத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. எனக்கு இது தெரியவே தெரியாது.

"அந்தப் பேனரை யாரும் தொடக் கூடாது" என்றார் பிறகு. "நாடகம் நடக்கட்டும். இனி நீ என்னை எப்படிக் கூப்பிடப் போகிறாய்?"

"ராயிசா இக்னாத்யெவ்னா" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார். நான் சண்முகம் சாலைச் சந்தில், பட்டப்பகலில், முகம் தெரியாத ஜனங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். பாஸ்கர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "இன்னா மேடம், திட்டிட்சா அந்தம்மா?"

"இல்ல. அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க."

"அத்தானே! நான் சொன்னா கேக்க மாட்டீங்க" என்று அவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். கலைச்செல்வி அவரை முறைக்கப் பார்த்தாள், முடியாமல் சிரித்துவிட்டாள்.

மாலை 5.10. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்து, ஓரங்களில் ஜனம் நின்றது. காலனிக்காரர்கள் ஒரு பாதி, ஏரிக்கு அந்தப் பக்கத்துத் தெருக்களிலிருந்து வந்த பிள்ளைகளின் வீட்டார் மறு பாதி. பாஸ்கர் மனைவியோடு முன்வரிசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம், வாசல் பேனர் தன் கடை வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தார். கலைச்செல்வியின் லேப்டாப்பில் ராயிசா தெரிந்தார். கருநீல உடை, கழுத்தருகே குத்திய ஒரு வெள்ளைப் பதக்கம். வெளியே போகிறவர் போல உடுத்திக்கொண்டு தன் வீட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அறிவிப்பு செய்ய வந்தவள் ஏஞ்சல். ஆறாம் வகுப்பு. அப்பா பெயின்டர், அவரும் அம்மாவும் வேலையிலிருந்து நேரே வந்திருந்தார்கள். நடிக்கிறவர்கள் பெயர்களை ஒவ்வொன்றாக, பள்ளிக்கூட வருகைப் பதிவேடு வாசிக்கிற மாதிரி, இனிஷியலோடு படித்தாள். ஜெ. ஏஞ்சல் என்று தன் பெயரையும் சொன்னாள். பிறகு, "நாடகம் எழுதியவர் இ. ராயிசா" என்றாள். காகிதத்தில் அவ்வளவுதான் இருந்தது. அவளோ லேப்டாப் பக்கம் திரும்பிப் பார்த்து, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, "இ-ன்னா இக்னாத். அவங்க அப்பா. அவர் ஸ்க்ரீன் பெயின்ட் பண்றவர்" என்றாள். ஒத்திகையில் கலைச்செல்வி சொன்ன கதையை ஞாபகம் வைத்திருக்கிறாள்.

ஏஞ்சலின் அப்பா கை தட்டினார். கூடமே தட்டியது. திரையில் ராயிசா "இக்னாத்" என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு என்னைத் தேடினார். நான் ருஷ்ய மொழியில் கத்தி மொழிபெயர்த்தேன். அவர் எழுந்து நின்றார். அந்த வயதில், மேஜையைப் பிடித்துக்கொண்டு, கைதட்டல் ஓயும்வரை நின்றார்.

நாடகத்தைப் பற்றி நான் சொன்னால் காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பீர்கள். இருந்தாலும் சொல்வேன். கரடி பரணிலிருந்து ஒரு காலைத் தொங்கவிட்டபோது கூடம் அதிர்ந்தது. கரடியை எழுப்ப ஒரு குழந்தை தாம்பரம் ஸ்டேஷன் அறிவிப்பை அச்சு அசலாகச் செய்தது, கரடி காதைப் பொத்திக்கொண்டது. மூலத்தில் இல்லாத வரி இது. ராயிசாவுக்கு விளக்கினேன், இதை நானல்லவா எழுதியிருக்க வேண்டும் என்று பொறாமைப்பட்டார். நெட் இரண்டு முறை தொங்கியது, இரண்டு முறையும் நான் கலைச்செல்வியைத் திட்டினேன், அவள் ஒரு முறைகூடக் கோபித்துக்கொள்ளவில்லை. கடலைமிட்டாய் பத்து நிமிஷத்தில் காலி.

ஞாயிற்றுக்கிழமை, காலை 10.20. திரும்பவும் தாம்பரம், தெற்கே போகும் பகல் ரயிலுக்காகப் பிளாட்பாரத்தில் காத்திருக்கிறேன். பிள்ளைகள் அவிழ்த்துச் சுருட்டிக் கொடுத்த பேனர் என் தோளில். ஊருக்குப் போனதும் வோல்காக் கரைக்குத் தபாலில் அனுப்ப வேண்டும், அவர் கேட்டுவிட்டார். வருகிற போகிறவர்களை எல்லாம் அதன் நுனி இடிக்கிறது. "அக்கா, ராக்கெட்டா அது, கொஞ்சம் ஓரமா வெச்சுக்கினு நில்லுங்கோ" என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். கோவில்பட்டியில் என்றால் யாராவது ஒரு கை பிடித்திருப்பார்கள். இந்த ஊரில் அதற்கு யாருக்கும் நேரமில்லை. ஆனால் முகம் தெரியாத ஒரு மனுஷியின் அப்பா பெயரைக் கேட்டு வாங்கிப் போட நேரம் இருந்திருக்கிறது. என்ன மாதிரி ஊர் இது என்று நினைத்துக்கொண்டு நின்றபோது ராயிசாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. கூட்டச் சத்தத்தில் காதோடு அழுத்திக் கேட்டேன்.

நேற்று நாடகம் முடிந்த கையோடு அரங்க மேலாளருக்குப் போன் செய்தாராம். வரும் புத்தாண்டுச் சுவரொட்டியில் என் அப்பா பெயர் இல்லாமல் என் நாடகம் கிடையாது என்றாராம். இதுவரை எங்கேயும் அப்படிப் போட்டதில்லையே என்று அவர் இழுத்தாராம். போட்டிருக்கிறார்கள், தாம்பரத்தில் போட்டிருக்கிறார்கள் என்று இவர் சொல்ல, அது எங்கே இருக்கிறது என்று அவர் கேட்க, பேனா எடுத்து எழுதிக்கொள் என்று அதட்டி, தா-ம்-ப-ர-ம் என்று ஓர் எழுத்தும் பிசகாமல் அந்த ஆளை எழுத வைத்தாராம்.